கடல்வழிப் போதைப்பொருள் வழக்கில் நீதிபதி ஒருபக்கம் சாய்கிறார் என்று தோன்றினால் என்ன செய்வது?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ஜிபி ரேட்டிங் என்ற மாலுமிப் பயிற்சியை முடித்துவிட்டு ஒரு சிறிய சரக்குக் கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்தார். 2022 கடைசியில் கப்பலைக் கடலோரக் காவல்படை மறித்தது. சரக்கறைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த போதைப்பொருளை எடுத்து, கப்பலில் இருந்த அத்தனை பேரையும் கைது செய்தார்கள். வழக்கு வெளிமாநிலச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றில் நடக்கிறது. ஜாமீன் மூன்று முறை தள்ளுபடி. நீதிபதி முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தவர். "கப்பலில் இருந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று நீதிமன்றத்திலேயே சொன்னாராம். கேப்டன் மீதான வழக்கைத் தனியாகப் பிரித்து நடத்தி, இதே நீதிபதி தண்டனையும் கொடுத்துவிட்டார். "இவர் என் தம்பியை எப்படி நடுநிலையாக விசாரிப்பார்? நீதிபதியை மாற்ற முடியுமா? ஒருவர் ஜட்ஜைத் தெரியும் என்கிறார், அப்பா காட்டை விற்கத் தயாராக இருக்கிறார்" என்பது கேள்வி.

அம்மிணி, நான் ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்குகளைப் பார்த்து வருகிறேன். கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் நாங்கள் நடத்துவது பெரும்பாலும் கஞ்சா வழக்குகள். கடலே இல்லாத நம் ஊருக்குக் கப்பல் வழக்கு அந்நியமாகத் தெரியலாம். ஆனால் திருப்பூர் பனியனும் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் தூத்துக்குடி, கொச்சி வழியாகத்தான் வெளிநாடு போகின்றன. அந்தக் கண்டெய்னர்களை இழுப்பவை சங்ககிரி, நாமக்கல் வண்டிகள். உங்கள் தம்பி மாதிரிக் கப்பல் ஏறும் பையன்களும் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நீதிபதியின் சாய்வு எது, சட்டத்தின் சாய்வு எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் குழம்பிப் போகிறார்கள்.

சாதாரண வழக்கில் ஜாமீன் கொடுப்பது வழக்கம், மறுப்பது விலக்கு. 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. வணிக அளவு என்று சட்டம் வரையறுத்த அளவைத் தாண்டினால் 37-ஆம் பிரிவு வந்துவிடும். 'இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டார்' என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். விசாரணை முடிவதற்கு முன்பே அந்தத் திருப்தி எப்படி வரும்? அதனால் ஜாமீனை மறுக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் 'முகாந்திரம் இருக்கிறது' என்ற வாக்கியம் இருந்தே தீரும். அதைப் படித்துவிட்டுக் குடும்பத்தார், நீதிபதி முடிவு கட்டிவிட்டார் என்று அழுகிறார்கள். எந்த நீதிபதி உட்கார்ந்தாலும் அந்த வாக்கியத்தை எழுதித்தான் ஆக வேண்டும். போதாததற்கு 35-ஆம் பிரிவு குற்ற மனம் இருந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. 54-ஆம் பிரிவு, பொருள் கையில் இருந்தாலே கணக்குச் சொல்லும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைக்கிறது. 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது: அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இந்த அனுமானங்கள் வேலை செய்யும். இதை உங்கள் வக்கீல் ஒவ்வொரு கட்டத்திலும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அளவு. ஹெராயினுக்கு 250 கிராம், மெத்தம்பெட்டமைனுக்கு 50 கிராம், சரஸ் என்ற கஞ்சாப் பிசினுக்கு 1 கிலோ, இவற்றைத் தாண்டினால் வணிக அளவு. கடலில் பிடிபடுவது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. 2017-இல் குஜராத் கடலில் எம்.வி. ஹென்றி கப்பலில் சுமார் 1,500 கிலோ ஹெராயின் பிடித்தார்கள். 2021 மார்ச்சில் அரபிக்கடலில் ரவிஹன்சி என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும் இருந்தன. 2023 மே மாதம் கொச்சிக்குக் கொண்டுவந்தது 2,500 கிலோ அளவு மெத்தம்பெட்டமைன். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் அது 6 டன்னைத் தொட்டது. இப்படி ஒரு எண் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே இருந்தால் எந்த நீதிபதிக்கும் முகம் இறுகத்தான் செய்யும். பத்து வருடம் முதல் இருபது வருடம் வரை தண்டனை உள்ள குற்றம். அந்த இறுக்கம் உங்களுக்குக் கொடுமையாகத் தெரிவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து நீதிபதியை மாற்ற முடியாது.

சரி, அப்படியானால் எதைத்தான் பாரபட்சம் என்று சட்டம் ஏற்கிறது?

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1923-இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்று நடந்தது. ஓட்டியவர் மீது சசெக்ஸ் மாஜிஸ்ட்ரேட்டுகள் முன்னால் வழக்கு. அவர்கள் தீர்ப்பை யோசிக்க உள்ளே போனபோது நீதிமன்ற எழுத்தரும் கூடப் போனார். அந்த எழுத்தரோ, விபத்தில் அடிபட்டவருக்காக நஷ்டஈடு கேட்கும் வக்கீல் நிறுவனத்தில் பங்குதாரர். உள்ளே அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று மாஜிஸ்ட்ரேட்டுகள் உறுதி சொன்னார்கள், அதை மேல் நீதிமன்றமும் நம்பியது. நம்பிய பிறகும் தண்டனையை ரத்து செய்தது. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற புகழ்பெற்ற வாசகம் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டில் இதற்கு இணையாக நான் சொல்லும் வழக்கு 1987-இன் ரஞ்சித் தாக்கூர். அவர் ராணுவத்தில் சிக்னல்மேன். தன் கமாண்டிங் அதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேராக மேலிடத்துக்கு மனு அனுப்பியதற்காக அவருக்கு 28 நாள் சிறை. சிறையில் இருக்கும்போது 'சாப்பிடு' என்ற உத்தரவை மீறினார் என்று அடுத்த குற்றச்சாட்டு. அதை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர், யார் மீது மனு போட்டாரோ அதே அதிகாரி. ஒரு வருடச் சிறை, வேலையும் போயிற்று. உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. நீதிபதி தன் மனதைப் பார்த்து 'நான் நடுநிலையானவன்தானே' என்று கேட்டுக்கொள்வது சோதனை ஆகாது என்றும், எதிரே நிற்பவர் மனதில் நியாயமான அச்சம் எழுமா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இதில் 'நியாயமான' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. 1979-இல் மேனகா காந்தி – ராணி ஜெத்மலானி வழக்கில், கட்சிக்காரரின் மிகையான கூச்சத்துக்கும் வசதிக்குமெல்லாம் வழக்கை மாற்ற முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

நீதிபதி முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தார் என்பது நிற்காது. வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தரப்புக்கு வாதாடியவர்கள்தான். இதே வழக்கில், இதே கப்பல் தொடர்பாக அவர் அரசுக்கு ஆஜராகியிருந்தால் கதை வேறு.

"தெரியாமலா இருக்கும்?" என்ற பேச்சு எப்போது, எதற்காக வந்தது என்பதைப் பொறுத்தது. ஜாமீன் வாதத்தின் நடுவே வக்கீலைப் பார்த்துக் கேட்டிருந்தால் அது கேள்வி. நான் எத்தனையோ முறை இப்படிக் கேட்கப்பட்டுப் பதில் சொல்லி ஜெயித்திருக்கிறேன். சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தச் சாட்சியின் வாயில் பதிலை வைப்பது போலச் சொல்லியிருந்தால் அது தவறு. நீதிபதி சாட்சியிடம் எந்தக் கேள்வியும் கேட்கலாம், சட்டம் அந்த அதிகாரத்தைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் அரசு வழக்கறிஞரின் வேலையை அவரே எடுத்துக்கொள்ளக் கூடாது, சாட்சியை மிரட்டக் கூடாது என்று 1981-இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது.

மூன்றாவது காரணத்தில்தான் உயிர் இருக்கிறது. கேப்டனுக்குத் தண்டனை கொடுத்தார் என்பதனாலேயே அவர் தகுதி இழந்துவிட மாட்டார். ஆனால் அந்தத் தீர்ப்பில் என்ன எழுதினார் என்பதை நீங்கள் வரிவரியாகப் படித்தாக வேண்டும். கேப்டனுக்குத் தெரியும் என்று மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. 'கப்பலில் இருந்த அனைவரும் அறிந்தே செய்தார்கள்' என்றோ, உங்கள் தம்பி பெயரைக் குறிப்பிட்டோ எழுதியிருந்தால், எதிரில் நிற்காத, குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பே கிடைக்காத ஒருவரைப் பற்றி முடிவு சொல்லிவிட்டார் என்று ஆகிறது. 2021-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஏ.டி. மைதீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தனித்தனியாக நடந்த வழக்குகளில் ஒன்றில் பதிவான சாட்சியத்தை இன்னொன்றில் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது, ஒவ்வொருவரின் குற்றத்தையும் அவரவர் வழக்கின் சாட்சியத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். வக்கீல் சொன்னார், பேப்பரில் போட்டிருந்தது என்பதெல்லாம் போதாது.

நகலில் அப்படி இருந்தால் முதலில் அந்த நீதிபதியிடமே, மரியாதையான மொழியில், வழக்கிலிருந்து விலகிக்கொள்ளும்படி மனு போடலாம். பல நீதிபதிகள், தாங்கள் முன்பு எழுதியதைக் காட்டினால், தாங்களாகவே வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும்படி மேலே எழுதிவிடுவார்கள். மறுத்தால் அந்த மறுப்பு உத்தரவோடு அடுத்த படிக்குப் போகலாம். அதே மாவட்டத்துக்குள் வேறு நீதிமன்றம் கேட்பதானால் முதலில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதியிடமும், வேறு மாவட்டம் கேட்பதானால் அந்த மாநில உயர் நீதிமன்றத்திடமும் மனு போட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 408, 407-ஆம் பிரிவுகள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 448, 447. உங்கள் வழக்கின் விசாரணை அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் பழைய சட்டமே தொடரும். தமிழ்நாட்டுக்கே மாற்ற வேண்டும் என்றால் 406-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம்தான். அது எளிதில் கிடைக்காது. 2003-இல் ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்களே, நினைவிருக்கும். ஆட்சி மாறிய பிறகு சாட்சிகளைத் திரும்ப அழைத்ததும், அவர்கள் வரிசையாகப் பிறழ் சாட்சி ஆனதும், அரசு வழக்கறிஞர் அதைக் கண்டுகொள்ளாததும் ஆவணத்திலேயே இருந்தன. அந்த அளவுக்கு ஆதாரம் இருந்தால்தான் மாநிலம் விட்டு மாநிலம் வழக்கு நகரும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். பாரபட்சத்தை வக்கீலின் வாய்ப்பேச்சால் நிரூபிக்க முடியாது. அன்றன்றைக்கு எழுதிய காகிதம்தான் நிரூபிக்கும். நீதிபதி குறுக்கு விசாரணையைப் பாதியில் நிறுத்தினால், அன்று மாலைக்குள் உங்கள் வக்கீல் ஒரு மெமோ போட வேண்டும்: எந்தச் சாட்சி, எந்தக் கேள்வி, ஏன் அனுமதி மறுக்கப்பட்டது. வாய்தா மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விடாமல், எழுத்தில் மனு போட்டு எழுத்தில் உத்தரவு வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து 'அன்று அப்படிச் சொன்னார்' என்று அபிடவிட் போட்டால், தோற்கப் போகிறவர்கள் கட்டிய கதை என்றுதான் உயர் நீதிமன்றம் நினைக்கும். நீதிமன்றத்தில் செல்போனில் ரகசியமாகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். நீதிபதியைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஊர்க் குழுவில் எழுதுவதும் வேண்டாம், அது நீதிமன்ற அவமதிப்பில் கொண்டுபோய் விடும். ஆனால் கீழமை நீதிபதி மீது நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் புகார் அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே சொல்கிறது. குறை இருந்தால் அதற்கான வாசல் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் தீர்ப்பில் உங்கள் தம்பியைப் பற்றி எதுவும் இல்லை என்றால், மாற்று மனுவை விட்டுவிடுங்கள். அந்த மனு ஓடும் காலமெல்லாம் அவர் உள்ளேதான் இருப்பார். தள்ளுபடியானால் திரும்ப அதே நீதிபதி முன்னால்தான் நிற்க வேண்டும். அந்த உழைப்பைச் சாட்சியத்தில் போட்டால் பலன் அதிகம்.

கடைநிலை மாலுமியின் வழக்கில் எல்லாமே ஒரே கேள்வியில் நிற்கிறது: அவருக்குத் தெரியுமா? கப்பலில் இருந்தார் என்பது வேறு, அறிந்து வைத்திருந்தார் என்பது வேறு. சரக்கை ஏற்றுவதும் எங்கே வைப்பதும் கேப்டன், தலைமை அதிகாரியின் பொறுப்பு. ஓஎஸ் என்ற கடைநிலை மாலுமியாக இருக்கும் பையன் கைக்குச் சரக்கு ஆவணம் பொதுவாக வராது. இதைக் காட்டக் காகிதம் இருக்கிறது. அவர் என்றைக்குக் கப்பல் ஏறினார் என்பது சிடிசி என்ற மாலுமிப் பணிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். மறைவறை கட்டியதும் சரக்கு ஏறியதும் அதற்கு முந்தியா பிந்தியா? எந்த நேரத்தில் யாருக்குப் பணி என்று பட்டியலும் லாக் புத்தகமும் சொல்லும். அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது? அவருக்கு வந்த சம்பளம் ஒப்பந்தத்தில் உள்ளபடிதானா, வங்கிக் கணக்கில் வேறு பணம் ஏதும் வந்திருக்கிறதா? ஊரில் கடன் வாங்கி ஏஜென்சிக்குக் கட்டிய ரசீது இருந்தால் அதுவும் சாட்சியம்தான். கோடிக்கணக்கான சரக்கில் பங்கு உள்ளவன் வட்டிக்கு வாங்கி வேலைக்குப் போகமாட்டான். ஜிபிஎஸ் கருவி, செயற்கைக்கோள் போன் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். அதில் பேசியது யார் என்பது தெரிந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

கைதானதும் அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியிருப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பையனிடம் இந்தியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய காகிதமாக இருக்கும். 2020 அக்டோபர் 29 அன்று தூஃபான் சிங் – தமிழ்நாடு அரசு வழக்கில், 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது. கேப்டன் அப்படி ஒரு வாக்குமூலத்தில் உங்கள் தம்பியைக் காட்டிக் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான்.

அடுத்து என்டிபிஎஸ் சட்டத்தின் 52ஏ பிரிவு. பிடிபட்ட பொருளை மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் பட்டியலிட்டு, படம் எடுத்து, மாதிரி எடுத்துச் சான்று வாங்க வேண்டும். கடல் வழக்கில் இது ரொம்ப முக்கியம். நடுக்கடலில் பிடித்த மூட்டை துறைமுகம் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை யார் கையில் இருந்தது, சீல் எங்கே வைத்தார்கள், கடலில் எண்ணிய பொட்டலமும் கரையில் எண்ணிய பொட்டலமும் ஒத்துப்போகின்றனவா என்று குடைய வேண்டும். 2023-இல் யூசுஃப் வழக்கில் இந்தப் பிழைக்காகவே விடுதலை கொடுத்தார்கள். ஆனால் 2025-இல் பாரத் ஆம்பலே வழக்கில், 52ஏ மீறல் மட்டுமே வழக்கைச் சாய்த்துவிடாது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

கப்பல் இந்திய எல்லைக்கு வெளியே பிடிபட்டது என்ற வாதத்தை யாராவது பெரிதாகச் சொன்னால் மயங்காதீர்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக்கடல், 200 வரை பொருளாதார மண்டலம். வெளிநாட்டு மாலுமிக்கு அந்த வாதம் ஓரளவு உதவலாம். என்டிபிஎஸ் சட்டத்தின் முதல் பிரிவே, இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்கிறது. உங்கள் தம்பிக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

ஜாமீனுக்கு இன்னொரு வழி மிச்சம் இருக்கிறது, தாமதம். 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், ஏழு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு, விசாரணை இழுத்துக்கொண்டே போவதைக் காரணம் காட்டி 37-ஆம் பிரிவையும் மீறி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. குறைந்தபட்சம் பத்து வருடத் தண்டனை உள்ள வழக்கில் ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டவர்களை விடச் சொல்லி 1994-இல் ஓர் உத்தரவு உண்டு. அது அப்போது தேங்கிக் கிடந்தவர்களுக்காகப் போட்டது என்றாலும் இன்றும் வாதத்தில் எடுத்துக் காட்டுகிறோம். இத்தனை சாட்சிகளில் இத்தனை பேர்தான் முடிந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, வாய்தா கேட்டது எந்தத் தரப்பு என்ற பட்டியலோடு நேரே உயர் நீதிமன்றம் போங்கள். நம் தரப்பு கேட்ட வாய்தா குறைவாக இருந்தால் மனு பலமாக நிற்கும்.

நீதிமன்ற மொழி அவருக்குப் புரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. புரியாவிட்டால், சாட்சியத்தை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு அடுத்த வாய்தாவிலேயே மனு போடுங்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் கூண்டில் நிற்பவனுக்கு எல்லாமே தனக்கு எதிராக நடப்பதாகத்தான் தெரியும்.

கடைசியாக, அந்த மனிதர். ஜட்ஜைத் தெரியும், மேலிடத்தில் பேசி வெளியே எடுத்துவிடலாம் என்பவர்கள் தங்கச்சிமடத்து ஐந்து மீனவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 2011-இல் போதைப்பொருள் கடத்தியதாக இலங்கையில் கைதாகி, 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பில் தூக்குத் தண்டனை பெற்ற அந்த ஐவரும் அடுத்த மாதமே ஊர் திரும்பினார்கள், உண்மைதான். இரண்டு அரசுகள் பேசி, இலங்கை அதிபர் மன்னித்து நடந்தது அது. நம் நாட்டு விசாரணை நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் அப்படிப் பேச ஆள் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் கிடைத்தால் தன்னால் என்பார், கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பு அதிகம் கொடுத்துவிட்டது என்பார். நீதிபதியை வாங்கப் பணம் கொடுத்தது தெரியவந்தால் உங்கள் அப்பா மீதும் வழக்கு வரும், தம்பியின் வழக்கும் கெடும். காட்டை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வழக்கு நடக்கும் மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்தே தம்பி மனு எழுதலாம். கேப்டன் தீர்ப்பின் நகலும் குற்றப்பத்திரிகையும் கைக்கு வந்ததும், ஈரோட்டுக்கு ஒரு நடை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு, மாற்று மனு போடலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.